சாக மறுக்கும் செல்: புரதங்கள் கைகோத்து ஒரு செல்லின் கதையை முடிப்பது எப்படி?

ஒரு நாளில் மனித உடலில் எத்தனை செல்கள் சாகின்றன தெரியுமா? வளர்ந்த ஒருவரின் உடலில் தினமும் 5,000 கோடி முதல் 7,000 கோடி வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வலி கிடையாது, வீக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. காலையில் எழுந்து, ஆபீஸ் போய், திரும்பி வந்து, மொபைலைப் பார்த்தபடியே தூங்கிப்போகும் அந்த ஒரு நாளுக்குள் உள்ளே இவ்வளவு பெரிய கணக்கு சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது.

இந்தச் செல்களை வெளியிலிருந்து யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை. தங்கள் வேலை முடிந்ததும், அல்லது தங்களுக்குள் ஏதோ கெட்டுப்போனது தெரிந்ததும், அவை தாங்களாகவே தங்களைப் பிரித்துப் போட்டுவிடுகின்றன. அதற்குத் தேவையான கத்தி, கடப்பாரை எல்லாம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பிறந்தது முதலே தயாராக இருக்கின்றன.

சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? இந்த ஏற்பாடு பழுதானால், சாக வேண்டிய செல் சாகாமல் அடம்பிடிக்கும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்று புற்றுநோய். அடம்பிடிக்கும் செல்லுக்கு அதன் சொந்தச் சாவை நினைவூட்டும் ஒரு மாத்திரை 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய வேண்டுமென்றால், செல்லுக்குள் சில புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதையும் விட்டுவிடுவதையும் பார்க்க வேண்டும்.

செல்லின் சாவில் இரண்டு வகை

சூடான எண்ணெய் கையில் தெறித்தால் அந்த இடத்துச் செல்கள் வெடித்துச் சாகின்றன. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டுகிறது. அக்கம்பக்கத்துச் செல்களும் பாதிக்கப்படுகின்றன. தோல் சிவக்கிறது, வீங்குகிறது, எரிகிறது. இது விபத்துச் சாவு. மருத்துவத்தில் இதை நெக்ரோசிஸ் என்பார்கள்.

இன்னொரு வகை ஒழுங்கான சாவு. செல் முதலில் சுருங்குகிறது. அதன் டி.என்.ஏ. ஒழுங்கான அளவுகளில் துண்டாக்கப்படுகிறது. மேற்பரப்பு குமிழ்குமிழாகப் பொங்கி, கடைசியில் செல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிகிறது. எந்தப் பொட்டலமும் ஒழுகுவதில்லை. செல் உறையின் உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபாட்டிடில்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் வந்து, 'வந்து என்னை எடுத்துக்கோ' என்று அறிவிக்கிறது. அதைப் பார்த்த விழுங்கணுக்கள் வந்து பொட்டலங்களை விழுங்கிவிடுகின்றன. தடயமே மிஞ்சாது.

கடற்கரையில் வெயிலில் நெடுநேரம் இருந்தவர்களின் தோலில் நடப்பதில் ஒரு பங்கு இதுதான். புற ஊதாக் கதிரால் டி.என்.ஏ. மோசமாகச் சிதைந்த தோல் செல்கள், கெட்டுப்போன நிலையிலேயே பெருகாமல் தங்களை முடித்துக்கொள்கின்றன. பிறகு தோல் உரிவதைப் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தச் செல்கள் செய்தது ஒரு பெரிய உதவி.

1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூன்று நோய்க்கூறியல் நிபுணர்கள் இந்த ஒழுங்கான சாவுக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பழுத்த இலை உதிர்வதை யாரும் கொலை என்று சொல்வதில்லை. அந்த அர்த்தத்தில்தான் இந்தப் பெயர்.

கருவில் இருக்கும் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் இப்படி உதிர்வதால்தான் ஐந்து விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைவதும் இதே வேலைதான்.

131 செல்களின் கணக்கு

'செல் தானாகச் சாகிறது' என்று சொல்வது எளிது. அதற்கான கட்டளை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டியது ஒரு புழு. சி.எலிகன்ஸ் என்ற அந்தப் புழு 1 மில்லிமீட்டர் நீளம்தான். உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொரு செல்லையும் எண்ணிவிடலாம்.

ஆய்வாளர்கள் அப்படியே எண்ணினார்கள். இனப்பெருக்கச் செல்களை ஒதுக்கிவிட்டால், இந்தப் புழு வளரும்போது 1,090 செல்கள் உருவாகின்றன. வளர்ந்து முடிந்த புழுவில் இருப்பதோ 959. மீதி 131 செல்கள் வழியிலேயே செத்துவிடுகின்றன. எல்லாப் புழுக்களிலும் அதே 131 செல்கள், ஏறக்குறைய அதே நேரத்தில். தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. எங்கோ ஒரு திட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஹார்விட்ஸின் குழு அந்தத் திட்டத்தின் வரிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. செட்-3, செட்-4 என்ற இரு மரபணுக்களில் எது பழுதானாலும் அந்த 131 செல்களும் சாவதில்லை. செட்-9 என்ற இன்னொரு மரபணு நேர்மாறானது. அது பழுதானால் வாழ வேண்டிய செல்களும் செத்துவிடும். ஆக, கொல்லும் கருவிகள் ஒரு பக்கம், அவற்றைப் பிடித்து நிறுத்தும் பிரேக் மறுபக்கம். இந்தப் புழு ஆராய்ச்சிக்காக சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சாகாமல் தேங்கிய செல்கள்

புழுவில் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்த அதே 1980களில், புற்றுநோய் ஆய்வாளர்கள் மனிதர்களிடம் அதே பிரேக்கில் தடுக்கி விழுந்தார்கள். அது பிரேக் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

ஃபாலிகுலர் லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய். பெரும்பாலான நோயாளிகளின் புற்றுநோய் செல்களில் 18ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு அறுந்துபோய் 14ஆவது குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய இடம் சாதாரண இடம் கிடையாது. அங்கேதான் ஆன்டிபாடி தயாரிக்கும் மரபணு இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வந்து ஒட்டிய மரபணுவும் அதே வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. 1980களின் நடுவில் யோஷிஹிடே சுஜிமோட்டோ, கார்லோ குரோச் ஆகியோர் அந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். பெயர் பி.சி.எல்.-2.

அதுவரை தெரிந்த புற்றுநோய் மரபணுக்கள் எல்லாம் செல்லை வேகவேகமாகப் பெருக வைப்பவை. இதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்தார்கள். 1988இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வாக்ஸ், சுசான் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். பி.சி.எல்.-2 அதிகமாக உள்ள ரத்த செல்களுக்கு உயிர் வாழத் தேவையான வளர்ச்சிப் பொருளை நிறுத்தினார்கள். சாதாரண செல்கள் செத்துவிட்டன. இந்தச் செல்கள் பெருகவும் இல்லை, சாகவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தன.

புற்றுநோயைப் பற்றிய பார்வையே இதோடு மாறியது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிய இரண்டு காரணம் இருக்கலாம். குழாயை யாராவது அதிகமாகத் திறந்திருக்கலாம். இல்லையென்றால் வடிகால் அடைத்திருக்கலாம். பி.சி.எல்.-2 வடிகாலை அடைக்கிறது.

1992இல் இதே வாக்ஸ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சக ஆய்வாளர்களுடன் மனிதனின் பி.சி.எல்.-2 மரபணுவைப் புழுவுக்குள் செலுத்திப் பார்த்தார். புழுவின் செல்கள் சாவது குறைந்தது. மனிதனுக்கும் புழுவுக்கும் பொதுவான மூதாதை பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. ஆனாலும் சாவின் பிரேக் இன்னும் மாற்றிப் பொருத்தும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கிறது.

ஒரே குடும்பம், மூன்று கட்சி

பி.சி.எல்.-2 தனி ஆள் இல்லை. அது ஒரு பெரிய குடும்பத்தின் தலைப்பிள்ளை. கூட்டுக் குடும்பம் என்றால் சண்டை இல்லாமலா? இங்கே மூன்று கட்சிகள்.

முதல் கட்சி, காப்பாற்றுபவர்கள்: பி.சி.எல்.-2, பி.சி.எல்.-எக்ஸ்.எல்., எம்.சி.எல்.-1 முதலிய புரதங்கள்.

இரண்டாவது கட்சி, ஓட்டை போடுபவர்கள்: பாக்ஸ், பாக் என்ற இரு புரதங்கள். இவை செல்லின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் வெளியுறையில் துளை போடும் திறன் கொண்டவை. பாக்ஸ் பெரும்பாலும் செல் திரவத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பாக் மைட்டோகாண்ட்ரியா உறையிலேயே குடியிருக்கும்.

மூன்றாவது கட்சி, தகவல் கொண்டுவருபவர்கள்: பிம், பிட், பூமா, நோக்ஸா முதலிய சின்னப் புரதங்கள். செல்லில் எங்கே என்ன கெட்டாலும் முதலில் கிளம்புவது இவர்கள்தான். டி.என்.ஏ. சிதைந்தால் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு பூமா, நோக்ஸா இரண்டையும் அதிகமாகத் தயாரிக்கச் சொல்லும். வளர்ச்சிப் பொருள் கிடைக்காமல் போனால் பிம் கூடும். மூன்றாவது கட்சிக்காரர்கள் அத்தனை பேரிடமும் பி.எச்.3 என்ற ஒரு சிறிய சுருள் பகுதி உண்டு. அதுதான் அவர்களின் அடையாள அட்டை.

இனி பஸ் கதை. காப்பாற்றும் புரதத்தின் மேற்பரப்பில் நீளமான ஒரு பள்ளம் இருக்கிறது. பி.எச்.3 சுருள் கச்சிதமாக உட்காரும் ஒரு சீட் என்று அதை வைத்துக்கொள்ளலாம். தகவல் கொண்டுவரும் பிம் வந்து அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அதனால் வேறு எங்கும் போக முடியாது. செல் பிழைத்துக்கொள்ளும். தகவல்காரர்கள் கூடிக்கொண்டே போய், சீட் எல்லாம் நிரம்பிவிட்டால்? நிற்க இடமில்லாத பிம் நேராகப் போய் பாக்ஸைத் தட்டி எழுப்பும். சில நேரம் பாக்ஸும் பாக்குமே இந்த சீட்களில் கட்டிப்போடப்பட்டிருக்கும். தகவல்காரர்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் அவர்களும் விடுதலை ஆவார்கள்.

செல் வாழ்வதா சாவதா என்பதை இந்த எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. எத்தனை சீட், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

துளை விழுந்த பிறகு திரும்ப வழி குறைவு

விழித்துக்கொண்ட பாக்ஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியா உறைக்குள் இறங்குகிறது. பல பாக்ஸ்களும் பாக்களும் இணை இணையாகக் கைகோத்து உறையில் துளை போடுகின்றன. உள்ளே அடைபட்டிருந்த சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் சில நிமிடங்களில் வெளியே கொட்டிவிடுகிறது.

சைட்டோகுரோம் சி கெட்டவன் கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரான்களைத் தூக்கிச் சுமந்து, நாம் சாப்பிட்ட சோற்றையும் சுவாசித்த ஆக்சிஜனையும் சக்தியாக மாற்ற உதவும் கூலித் தொழிலாளி அது. அது இல்லாமல் நாம் இல்லை. ஆனால் அதே புரதம் தவறான இடத்தில், அதாவது செல் திரவத்தில் தென்பட்டால், அதற்கு அர்த்தமே வேறு: 'மின் நிலையம் உடைந்துவிட்டது, கதையை முடி.' 1996இல் அமெரிக்காவில் ஷியாவ்டாங் வாங் குழு இதைக் கண்டுபிடித்தபோது பலருக்கும் நம்ப முடியவில்லை. உயிர் கொடுக்கும் புரதமே சாவுச் செய்தியையும் கொண்டுவருமா என்று கேட்டார்கள்.

அடுத்து நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒன்று: வெளியே வந்த சைட்டோகுரோம் சி, அபாஃப்-1 என்ற புரதத்துடன் ஒட்டுகிறது. அதுவரை மடங்கிக் கிடந்த அபாஃப்-1 விரிகிறது. இது புழுவில் பார்த்த செட்-4இன் உறவுக்காரர்.

இரண்டு: விரிந்த 7 அபாஃப்-1கள் சேர்ந்து 7 ஆரங்கள் கொண்ட சக்கரம் மாதிரி ஓர் அமைப்பை உருவாக்குகின்றன. இதற்கு அப்போப்டோசோம் என்று பெயர்.

மூன்று: சக்கரத்தின் நடுப்பகுதியில் கேஸ்பேஸ்-9 என்ற வெட்டும் புரதங்கள் வந்து கூடுகின்றன. தனியாகத் திரிந்தபோது சோம்பிக் கிடந்தவை, பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் விழித்துக்கொள்கின்றன.

நான்கு: கேஸ்பேஸ்-9 போய் கேஸ்பேஸ்-3ஐ வெட்டுகிறது. உறையிலிருந்து கத்தியை உருவுவது போல, வெட்டுப்பட்டதும் கேஸ்பேஸ்-3 கூர்மையாகிறது. பிறகு அது செல்லுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டித் தள்ளுகிறது. செல்லின் எலும்புக்கூடு சரிகிறது. டி.என்.ஏ.வைத் துண்டாக்கும் நொதியைக் கட்டிவைத்திருந்த கயிறும் அறுகிறது.

இங்கேயும் ஒரு பாதுகாப்பு உண்டு. எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற புரதம் கேஸ்பேஸ்களின் கழுத்தைப் பிடித்து அடக்கிவைத்திருக்கும். சின்னதாக ஏதோ கசிவு ஏற்பட்டால் செல் உடனே செத்துவிடாமல் இருக்க இது தேவை. ஆனால் மைட்டோகாண்ட்ரியா நிஜமாகவே உடைந்தால், சைட்டோகுரோம் சியுடன் ஸ்மாக் என்ற புரதமும் வெளியே வந்து எக்ஸ்.ஐ.ஏ.பி.யின் கையைத் தட்டிவிடுகிறது. அதன் பிறகு பெரும்பாலான செல்களுக்குத் திரும்பி வர வழியில்லை.

வெளியிலிருந்து வரும் உத்தரவு

சில நேரம் 'நீ கிளம்பு' என்ற உத்தரவு வெளியிலிருந்தும் வரும். வைரஸ் புகுந்த செல்லை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல் கண்டுபிடித்தால், தன் மேல் இருக்கும் ஃபாஸ் லிகாண்ட் என்ற புரதத்தை அந்தச் செல்லின் ஃபாஸ் என்ற ஏற்பியில் பொருத்தும். வெளியே அழைப்பு மணியை அழுத்தியது போலத்தான். செல்லுக்குள்ளே ஃபேட் என்ற இணைப்புப் புரதம் ஓடிவரும். அது கேஸ்பேஸ்-8களை ஒன்றுசேர்த்து விழிக்கவைக்கும். அவை நேராகப் போய் கேஸ்பேஸ்-3ஐ உருவிவிடும். பல செல்களில் இந்த உத்தரவு மட்டும் போதாது. அப்போது கேஸ்பேஸ்-8 பிட் என்ற தகவல்காரரை வெட்டும். வெட்டுப்பட்ட பிட் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் பாக்ஸை எழுப்பும். இரண்டு பாதைகளும் அங்கே சந்தித்துக்கொள்கின்றன.

பள்ளத்தில் ஒரு மாத்திரை

இப்போது நோய்க்கு வருவோம். சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. இந்தப் புற்றுநோய் செல்களுக்குள் எட்டிப்பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அவை நலமாக இருக்கும் செல்கள் கிடையாது. பல கோளாறுகள் இருப்பதால் பிம் நிறையவே இருக்கிறது. அந்தச் செல் எப்போதோ செத்திருக்க வேண்டும். ஆனால் பி.சி.எல்.-2 அதைவிட நிறைய இருப்பதால் ஒவ்வொரு பிம்மும் ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. சாவின் விளிம்பில் நின்றுகொண்டே பல ஆண்டுகள் வாழும் செல் இது.

அப்படியென்றால் வெளியிலிருந்து விஷம் கொடுக்கத் தேவையில்லை. உட்கார்ந்திருக்கும் பிம்மை எழுப்பிவிட்டால் போதும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதைப் போல பி.சி.எல்.-2இன் பள்ளத்தில் பிம்மைவிட இறுக்கமாகப் போய் உட்காரும் ஒரு மூலக்கூறு வேண்டும்.

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். வழக்கமான மருந்துகள் நொதிகளில் உள்ள ஆழமான குழிகளில் போய் அடைத்துக்கொள்பவை. இரண்டு புரதங்கள் ஒட்டும் பரப்போ அகலமானது, தட்டையானது, வழுக்குவது. சின்ன மாத்திரை அங்கே பிடித்து நிற்காது என்று பல மருந்து நிறுவனங்கள் கைவிட்டிருந்தன. அமெரிக்காவின் அபாட் நிறுவனத்தில் ஸ்டீபன் ஃபெசிக் குழு வேறு வழியில் போனது. 1996இல் பி.சி.எல்.-எக்ஸ்.எல். புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். பிறகு, பள்ளத்தில் ஆங்காங்கே லேசாக ஒட்டும் சின்னச் சின்ன மூலக்கூறுகளை என்.எம்.ஆர். கருவியால் தேடிக் கண்டுபிடித்து, அவற்றை ஒன்றாகக் கோத்தார்கள். 2005இல் ஏ.பி.டி.-737 என்ற சேர்மம் பிறந்தது. பி.எச்.3 சுருள் மாதிரியே வேஷம் போட்டு பள்ளத்தில் உட்காரும் பொருள் அது. ஆனால் வாய்வழியாகக் கொடுக்க முடியவில்லை.

அடுத்து வந்த நாவிட்டோகிளாக்ஸை மாத்திரையாக விழுங்க முடிந்தது. புற்றுநோய் செல்களும் செத்தன. கூடவே இன்னொரு பிரச்சினை: நோயாளிகளின் ரத்தத்தட்டுகள் மளமளவென்று குறைந்தன. காரணம், அந்த மருந்து பி.சி.எல்.-2இல் மட்டும் உட்காராமல் பி.சி.எல்.-எக்ஸ்.எல்.இலும் உட்கார்ந்தது. தட்டணுக்கள் ரத்தத்தில் ஏறக்குறைய 8 முதல் 10 நாட்கள் வாழ்வதே பி.சி.எல்.-எக்ஸ்.எல். தயவில்தான். அது போனால் அவையும் போகும்.

இரண்டு பள்ளங்களுக்கும் இடையில் இருந்த மிகச் சிறிய வித்தியாசத்தை வைத்து மூலக்கூறைத் திருத்தி எழுதினார்கள். பி.சி.எல்.-2இல் மட்டும் இறுக்கமாக உட்காரும் வெனிடோகிளாக்ஸ் பற்றிய ஆய்வு 2013இல் வெளியானது. 2016 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி கொடுத்தது. முதலில் அனுமதிக்கப்பட்டது யாருக்கு என்பது முக்கியம். 17ஆவது குரோமோசோமின் ஒரு பகுதியை இழந்த, ஏற்கெனவே ஒரு சிகிச்சையாவது எடுத்த சி.எல்.எல். நோயாளிகளுக்கு. அந்தப் பகுதியில்தான் பி53 மரபணு இருக்கிறது. வழக்கமான கீமோதெரபி, டி.என்.ஏ.வைச் சிதைத்து பி53ஐ எழுப்பித்தான் செல்லைச் சாகவைக்கும். பி53 இல்லாதவர்களுக்கு அது சரியாக எடுபடாது. வெனிடோகிளாக்ஸோ பி53ஐக் கேட்காமலே, சங்கிலியின் அடுத்த கண்ணியில் வேலை செய்கிறது.

வேகமே ஆபத்தான கதை

மருந்து வேலை செய்கிறதா என்பதில் ஆரம்பத்திலேயே சந்தேகம் இல்லை. அது அதிகமாகவே வேலை செய்தது, அதுதான் சிக்கல். கோடிக்கணக்கான புற்றுநோய் செல்கள் சில மணி நேரத்தில் ஒன்றாகச் சாகும்போது, விழுங்கணுக்களால் அத்தனையையும் அள்ள முடியாது. செல்களுக்குள் இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் கொட்டும். யூரிக் அமிலம் ஏறும். சிறுநீரகம் திணறும், இதயத் துடிப்பு தடுமாறும். டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம் என்பது இதுதான்.

2016இல் வெளியான முதல் கட்ட ஆய்வில் 116 நோயாளிகள் இருந்தார்கள். அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்த முதல் 56 பேரில் 3 பேருக்கு இந்தப் பாதிப்பு வந்தது. அவர்களில் ஒருவர் இறந்தார். ஆய்வாளர்கள் மருந்து கொடுக்கும் முறையை மாற்றினார்கள். அடுத்த 60 பேரில் ஒருவருக்குக்கூட அந்த அளவுக்குப் பாதிப்பு வரவில்லை. மொத்த 116 பேரில் 79 சதவீதம் பேருக்கு மருந்து பலன் தந்தது. 20 சதவீதம் பேருக்கு நோயின் அறிகுறிகள் முழுமையாக மறைந்தன.

அந்தப் பாடம்தான் இன்றும் சி.எல்.எல். மருந்துச் சீட்டில் தெரிகிறது. முதல் வாரம் தினமும் 20 மில்லிகிராம், பிறகு வாரம் ஒருமுறை ஏறி 50, 100, 200, கடைசியில் 400. முதல் மாத்திரைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே நிறையத் தண்ணீர், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. 'எதுக்கு டாக்டர் இவ்வளவு மெதுவா கொடுக்கிறீங்க?' என்று கேட்கும் குடும்பத்தினருக்கு இதுதான் பதில். செல்கள் வரிசையில் நின்று சாக வேண்டும், கூட்டமாக நெரித்துக்கொண்டு இல்லை.

சில பூஞ்சை மருந்துகளும் கிரேப்ஃப்ரூட், ஸ்டார் ஃப்ரூட் முதலிய பழங்களும் இந்த மருந்தைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தைக் குறைக்கும். அதனால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வேறு மாத்திரை எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஏ.எம்.எல். எனப்படும் தீவிர ரத்தப் புற்றுநோயிலும் இந்த மருந்து இடம்பிடித்தது. கடுமையான கீமோதெரபியைத் தாங்க முடியாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அசாசிட்டிடின் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 9.6 மாதங்கள். அதோடு வெனிடோகிளாக்ஸும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 14.7 மாதங்கள். எண் சின்னதாகத் தெரியலாம். வேறு வழி அதிகம் இல்லாத ஒரு வீட்டில் ஐந்து மாதம் என்பது ஒரு பேத்தியின் கல்யாணம்.

செல்லும் சும்மா இருக்காது

புற்றுநோய் செல் தோற்றுப்போக ஒப்புக்கொள்ளாது. சில நோயாளிகளின் செல்களில் பி.சி.எல்.-2இன் 101ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறி வேலின் வந்துவிடுகிறது. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2019இல் இதை வெளியிட்டார்கள். பள்ளத்தின் வடிவம் லேசாக மாறியதால் மாத்திரையால் இறுக்கமாக உட்கார முடியவில்லை. பிம் மட்டும் பழையபடி உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு தந்திரம், கட்சி மாறுவது. பி.சி.எல்.-2இன் சீட்களைத் துண்டு போட்டுப் பிடித்தால், செல் எம்.சி.எல்.-1 என்ற வேறு பஸ்ஸைக் கூப்பிட்டு பிம்மை அதில் ஏற்றிவிடும். 'அப்படியானால் எம்.சி.எல்.-1ஐயும் அடைத்துவிடலாமே?' முயன்றார்கள். ஆனால் இதயத் தசை செல்கள் உயிரோடு இருக்க எம்.சி.எல்.-1 தேவை. இதயம் பாதிக்கப்படுவதற்கான அறிகுறிகள் தென்பட்டதால் அத்தகைய சில மருந்து ஆய்வுகள் நிறுத்தப்பட்டன.

பி.சி.எல்.-2 முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஃபாலிகுலர் லிம்போமாவிலேயே வெனிடோகிளாக்ஸ் தனியாகக் கொடுத்தபோது சி.எல்.எல். அளவுக்குப் பலன் தரவில்லை. பி.சி.எல்.-2 நிறைய இருப்பது மட்டும் போதாது. அதில் பிம் உட்கார்ந்திருக்க வேண்டும். காலி சீட்டில் துண்டு போட்டால் யாரும் எழுந்து போகப்போவதில்லை.

'மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்லும்' என்ற ஃபார்வர்டு

'இந்தப் பொருள் புற்றுநோய் செல்களைத் தற்கொலை செய்யவைக்கிறது, விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்காதவர் குறைவு. மஞ்சள், முள் சீத்தா இலை, ஏதோ ஒரு விதை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் சிக்கல். மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுநோய் செல்களில் அப்போப்டோசிஸைத் தூண்டுவதாகப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன.

ஆனால் தட்டில் செல்லைக் கொல்வது பெரிய சாதனை கிடையாது. போதுமான அளவு ஊற்றினால் எத்தனையோ பொருள்கள் கொல்லும். நாம் சாப்பிடும் குர்குமினில் மிகக் குறைந்த அளவே ரத்தத்தில் சேர்கிறது. அதையும் கல்லீரல் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. தட்டில் ஊற்றிய அளவு உடலுக்குள் கட்டியைப் போய்ச் சேருவதில்லை. புற்றுநோய்க்கான சிகிச்சையாக அது நிரூபிக்கப்படவும் இல்லை. குழம்பில் மஞ்சள் போடுவதில் தப்பே இல்லை. மஞ்சளை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். செத்தது தட்டில் இருந்த செல்லா, மனித உடலில் இருந்த செல்லா? புற்றுநோய் செல் மட்டும் செத்ததா, நல்ல செல்லும் செத்ததா? எந்தப் புரதத்தைப் பிடித்துக் கொன்றது? வெனிடோகிளாக்ஸ் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல 1984 தொடங்கி 2016 வரை ஆனது. ஃபார்வர்டு மெசேஜ் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

சாவு அதிகமானாலும் தொல்லைதான்

தராசின் மறுதட்டும் உண்டு. பக்கவாதத்தில் ரத்தம் குறைந்த மூளைப் பகுதியின் ஓரங்களிலும், மாரடைப்புக்குப் பிந்தைய இதயத் தசையிலும் பிழைத்திருக்கக்கூடிய செல்களில் ஒரு பகுதி இதே வழியில் சாகிறது. அங்கே தேவைப்படுவது பாக்ஸை எழுப்பும் மருந்து இல்லை, தூங்கவைக்கும் மருந்து. அதை உடல் முழுக்கக் கொடுத்தால் சாக வேண்டிய செல்களும் பிழைத்துக்கொள்ளும் என்பதால் அந்தத் தேடல் இன்னும் கடினமானது.

ஒரு செல்லை வாழவைக்கும் புரதமும் முடிக்கும் புரதமும் ஒரே குடும்பத்தில், ஒன்றையொன்று பிடித்தபடி ஒவ்வொரு கணமும் நின்றுகொண்டிருக்கின்றன. யார் பிடி தளர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நம் உடலில் இன்றைக்கு எந்தச் செல் உதிர்கிறது, எது நாளைக்கும் இருக்கிறது என்பது தீர்மானமாகிறது. அந்தப் பிடியைச் சரியான செல்லில், சரியான நேரத்தில், சரியான வேகத்தில் தளர்த்தக் கற்றுக்கொள்வதுதான் மருத்துவத்தின் முன் இப்போதுள்ள வேலை.